தங்கை மகனை ஹாஸ்டலில் விடலாமா?

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் என் தங்கை நாலு மாதத்துக்கு முன்பு ஆறு வயது மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பையன் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. ஆனாலும் எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். என் மகளை அடிக்கிறான், திடீரென்று ‘அப்பாகிட்ட போகணும்’ என்று அழுகிறான். நடந்ததையெல்லாம் உட்காரவைத்துக் கேட்க வேண்டுமா? அல்லது ஹாஸ்டலில் விட்டால் மறந்துவிடுவான் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதா?

பதில்: ஹாஸ்டல் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது அவனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பயமே அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான். கண்ணெதிரே இல்லாத அம்மாவை நினைத்து இரவெல்லாம் பயப்படும் பிள்ளை எதை மறக்கும்?

அடி விழவில்லை என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அவன் பார்த்தான், கேட்டான், அடுத்தது எப்போது என்று காத்திருந்தான். 2011-ல் லண்டனில் ஓர் ஆய்வு வந்தது. குடும்ப வன்முறைக்கு உள்ளான, ஆனால் மனநோய் என்று எதுவும் கண்டறியப்படாத பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிகள் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாகத் துடித்தன. போர்க்களத்துக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் காணப்படும் அதே மாதிரி. அதனால் குக்கர் சத்தத்துக்கு அவன் ஓடுவது நடிப்போ பிடிவாதமோ இல்லை. அந்த வீட்டில் அவனைக் காப்பாற்றிய எச்சரிக்கை இன்னும் அணையவில்லை, அவ்வளவுதான். விசில் வரப்போகிறது, மிக்ஸி போடப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்லுங்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் நடக்கட்டும், நாளைக்கு யார் பள்ளிக்கு அழைத்துப்போவார்கள் என்பதை இன்று இரவே சொல்லிவிடுங்கள். கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எந்த நிமிஷம் என்ன வெடிக்கும் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் மருந்து.

படுக்கை நனைவதற்குத் திட்டவே கூடாது, விருந்தாளி முன்னால் சொல்லிச் சிரிக்கவும் கூடாது. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று ஒருமுறை டாக்டரிடம் பார்த்துவிடுங்கள், மெத்தை மேல் ஒரு ரப்பர் ஷீட் போடுங்கள், போதும்.

சரி, கேட்பதா வேண்டாமா? விசாரணை மாதிரி உட்காரவைத்துக் கேட்க வேண்டாம். கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பது பயத்தைக் குறைப்பதில்லை. ஆனால் அவனாக விளையாடும்போதோ படம் வரையும்போதோ சொல்ல ஆரம்பித்தால் ‘அதெல்லாம் பேசாதே’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள், கேளுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் நடந்ததற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைப்பார்கள், நான் பால் குடிக்காததால்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது என்பது போல. ‘அப்பா அம்மாவை அடிச்சது தப்பு, அது உன்னால நடக்கல, இப்ப அம்மா பத்திரமா இருக்காங்க’ என்று அவனிடம் சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள். அப்பாவைத் தேடி அழுவதைத் துரோகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயமும் பாசமும் ஒரே ஆள் மேல் இருக்கும். அவன் காதுபட அப்பாவை ஏசினால் அந்தப் பாசத்தை ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வான்.

இனி உங்கள் தங்கை. அவளைச் சரிப்படுத்தாமல் பையனை மட்டும் சரிப்படுத்த முடியாது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உளவியலாளர் அலிசியா லீபர்மேனின் குழு, வீட்டு வன்முறையைப் பார்த்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் தாய்மாரையும் ஒன்றாக உட்காரவைத்து, வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம் சிகிச்சை கொடுத்தது. 75 ஜோடிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இந்தக் குழந்தைகளின் பயமும் முரட்டுத்தனமும் அதிகமாகக் குறைந்தன, தாய்மாரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, அழுதுகொண்டே இருக்கிறாளா என்று கவனியுங்கள். ‘பிள்ளைக்காகவாவது அனுசரிச்சுப் போயிருக்கலாமே’ என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நாலு மாதம் ஆகிவிட்டதால் இனியும் காத்திருக்காமல் நிபுணரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். தாயத்து கட்ட வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டால் கட்டட்டும், பயம் தெளிய என்று புகை போடுவதோ வேப்பிலையால் அடிப்பதோ மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சட்டம். அப்பா பள்ளிக்கு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் இருந்தால், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடமே வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். தந்தை வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அதையும் மாஜிஸ்திரேட் மறுக்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், பெண்கள் உதவி எண் 181-ல் வழி சொல்வார்கள். வகுப்பு டீச்சரிடம் முழுக் கதையும் வேண்டாம், யாரோடு மட்டும் அனுப்ப வேண்டும் என்பதை எழுதிக்கொடுங்கள், சத்தம் போட்டால் பயப்படுவான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

உங்கள் மகளை அவன் அடிக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துங்கள், ‘இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது’ என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள், திருப்பி அடிக்காதீர்கள். அவளோடு தினமும் கால் மணி நேரமாவது தனியாக இருங்கள். நாலு மாதமாக அவளும் தன் அறையை, பொம்மைகளை, அம்மாவைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறாள்.