நூல், கடிதம், அரும்பொருள்: மூன்று பதிவேடுகளை எப்படி இணைப்பது?

கேள்வி: ஒரு தமிழறிஞரின் குடும்பத்தார் கொடுத்த 4,000 நூல்கள், 60 பெட்டிக் கடிதங்கள், எழுத்தாணி, மூக்குக்கண்ணாடி என 200 பொருள்கள் எங்கள் அறக்கட்டளையில் உள்ளன. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. எல்லாவற்றையும் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றி ஒன்றாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். கோஹா நல்ல மென்பொருள்தான், ஆனால் அது நூலுக்காக அமைந்தது. கடிதங்களை நூல்போல ஒவ்வொன்றாக ஏற்றினால் பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் பதிவுகள் சேரும். எந்தக் கடிதம் எந்தக் கட்டில் எதற்கு அடுத்து இருந்தது என்பதும் மறைந்துபோகும். ஆவணத்தில் அந்த வரிசையே பாதிச் செய்தி. அதனால்தான் ஆவணக்காப்பகங்கள் தொகுப்பு, தொடர், கோப்பு என மேலிருந்து கீழே விவரிக்கின்றன. பொருளுக்கோ அளவு, மூலப்பொருள், இப்போதைய நிலை ஆகியவை வேண்டும். மூன்று விவரிப்பு முறைகளும் அப்படியே இருக்கட்டும். பெயர், காலம், வரவு (எந்தத் தொகுதியில் வந்தது என்பது) ஆகிய மூன்றை மட்டும் பொதுவாக்குங்கள்.

அதிக உழைப்பைக் கேட்பது பெயர்தான். உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள்: நூலகத்தில் ‘சாமிநாதையர், உ.வே.’, கடிதக் கட்டில் ‘மகாமகோபாத்தியாய சுவாமிநாதையர்’, பொருள் அட்டையில் ‘உ.வே.சா.’ என்றிருக்கும். தேடுபவருக்கு மூவரும் வேறு ஆட்கள். ஒரு எக்செல் தாளில் ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். ஏற்ற வடிவம், மற்ற வடிவங்கள், பிறப்பு–இறப்பு ஆண்டு (இவருக்கு 1855–1942) எழுதுங்கள். மூன்று பதிவேட்டிலும் அந்த எண் ஏறட்டும். அடிக்கடி வரும் ஐம்பது பெயர்களை முடித்தாலே தேடலில் மாற்றம் தெரியும்.

எழுத்துருவையும் இதே கட்டத்தில் சரிபாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் எதுவும் சேராது. மாற்றிய பிறகும் ‘ஔவையார்’ சிலருடைய கையில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக விழுந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு சொல். தேடி மாற்றுங்கள்.

காலத்தில் பெரிய குழி அறுபதாண்டுச் சுழற்சி. ‘விஜய வருஷம் தை மாதம்’ என்ற கடிதத்தைப் பலர் 1953 என்று போட்டுவிடுகிறார்கள். விஜய 1953 சித்திரையில் தொடங்கியது, ஆகவே தை என்றால் 1954 ஜனவரி–பிப்ரவரி. அறுபது ஆண்டு முந்தைய சுற்றானால் 1894. உறையில் விக்டோரியா ராணி தபால்தலையா, குடியரசு இந்தியாவின் தபால்தலையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கடிதத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்திலும், ஆங்கில ஆண்டை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். ஊகமானால் கேள்விக்குறி இடுங்கள்.

மூன்றாவது, வரவு எண். ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் வந்தவை மூன்று அறைக்குப் பிரியும்போது அவற்றின் உறவு அறுந்துவிடுகிறது. வந்த தொகுதி முழுவதற்கும் 2024/7 என்பதுபோல ஓர் எண் கொடுத்து மூன்று பதிவேட்டிலும் எழுதுங்கள். பழைய எண்களை மட்டும் மாற்றாதீர்கள். ஆய்வேடுகளில் அவை மேற்கோளாகியிருக்கும். ‘நூ’, ‘ஆ’, ‘பொ’ என்று முன்னொட்டு சேர்த்தால் மோதல் வராது.

நூலுக்குள் கடிதம் கிடைத்தால் உருவி எடுத்துவிடாதீர்கள். முதலில் பக்க எண் தெரியும்படி படம் எடுங்கள். கடிதம் ஆவணப் பெட்டிக்குப் போக வேண்டியதானால், அமிலமில்லாத தாளில் அதன் புதிய எண்ணைப் பென்சிலால் எழுதி அந்தப் பக்கத்தில் வையுங்கள். கடிதத்தின் பதிவில் நூலின் எண்ணையும் பக்கத்தையும் குறியுங்கள். ஓரக்குறிப்பு உள்ள நூல்களை இரவல் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

மென்பொருள் கடைசியில்தான். நூல் இரவல் நடப்பதால் கோஹா அங்கே இருக்கட்டும். கடிதங்களுக்கும் பொருள்களுக்கும் கலெக்டிவ்ஆக்சஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பதிவுகளைப் பிற தளங்கள் திரட்டிக்கொள்ள உதவும் ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை வழியாக இரண்டும் தரவு கொடுக்கும் என்பதால், தலைப்பு, ஆசிரியர், நாள் போன்ற பொது விவரங்களுக்கான டப்ளின் கோர் தரத்தின் 15 புலங்களில் திரட்டி ஒரே தேடல் பக்கம் பின்னால் அமைக்கலாம். அதற்கு முன், பிரிவுக்கு முப்பது உருப்படி எடுத்து எக்செல்லில் சோதியுங்கள். ஒரு பெயரின் எண்ணைத் தேடினால் அவருடைய நூலும் கடிதமும் பொருளும் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் மென்பொருளை நிறுவாமல் பெயர்த்தாளுக்குத் திரும்புங்கள்.