கடைக் கோழிக்கறியில் மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா கிருமி இருக்கிறது என்கிறார்களே, பிராய்லர் சாப்பிடுவதை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டியதில்லை. பாலக்கோடு பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன் வேறு எப்படிச் சொல்வான் என்று கேட்பீர்கள். பண்ணையில் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சால்மோனெல்லா கோழியின் குடலில் வாழும் பாக்டீரியா. பெரும்பாலும் கோழிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதில் ஒரு பகுதி ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத வகை. மருந்துக்கே அடங்காதது அடுப்புக்கு எங்கே அடங்கப்போகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் இரண்டு வகையும் சாகும். களிக்குத் தளதளவென்று கொதிக்க வைக்கிற குழம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். சாலையோரம் அவசரத்தில் வாட்டித் தருகிற கிரில், உறைந்தபடியே எண்ணெயில் விழுகிற சில்லி சிக்கன், இவற்றில்தான் எலும்போரம் வேகாமல் நிற்கும்.

ஆபத்து பச்சைக் கறியில். கடையில் தோலோடு கேட்டால் கோழியை வெந்நீரில் முக்கி, ரப்பர் விரல்கள் சுழன்று இறகு பிடுங்கும் மெஷினில் போடுகிறார்கள். அடிக்கடி மாற்றாத வெந்நீரென்றால் ஒரு கோழியின் எச்சம் அடுத்ததன் தோலில் ஏறும். குடலை உருவும்போது கிழிந்தால் கேட்கவே வேண்டாம். வெட்டுகிற கட்டையைப் பாருங்கள்: நடுவில் பள்ளம் விழுந்து ஈரம் காயாமல் கிடக்கும், ஒரு பழந்துணியால் துடைப்பதோடு சரி. நாட்டுக்கோழியும் பல கடைகளில் அதே கட்டையில்தான் வெட்டுப்படுகிறது. குப்பையைக் கிளறித் தின்கிற அதற்குச் சால்மோனெல்லா வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் சாரல் பக்கத்துப் பாத்திரமெல்லாம் தெறிக்கும். கழுவவே கூடாது என்பதுதான் அறிவுரை. நம் வீடுகளில் அது நடக்காது. அதனால் ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசுங்கள், அப்புறம் சட்டி, கை, தொட்டி எல்லாவற்றுக்கும் சோப்பு. மஞ்சள் தூளை நம்பி விட்டுவிட வேண்டாம். கறி நறுக்கிய கத்தியிலேயே பச்சை வெங்காயம் அரிவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய கேடு. வெங்காயம் அடுப்பைப் பார்க்கப்போவதில்லையே.

இனி பண்ணைக்கு வருவோம். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் உழைப்பும் நம்முடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். நாலு கோழி சுருண்டு உட்கார்ந்தால் அந்த நாலுக்கு மட்டும் மருந்து கொடுக்க வழியில்லை. தொட்டித் தண்ணீரில் கலந்துவிட்டால் நோயில்லாத கோழியும் சேர்ந்து குடிக்கும். இப்படிப் பழகிப் பழகித்தான் கிருமி மருந்தைத் தாங்கித் தேறுகிறது. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், உடம்புக்குள் போய் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. அது மனிதருக்கு எழுதித் தருகிற மாத்திரை. அமெரிக்காவில் 2005-லேயே கோழிக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கே 2019-ல் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கை கொடுக்கிற மருந்து அது, அதைக் கோழியின் எடை கூடுவதற்குத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கே ஆறவில்லை.

மருந்தை நிறுத்திச் சில நாள் விட்டுக் கோழி பிடித்தால் கறியில் தங்கும் மருந்து குறையும். தேறிய கிருமி அந்தக் கணக்கில் வராது. அது குடலில் தங்கும், எருவோடு எங்கள் ஊர்த் தக்காளி வயலுக்கும் போகலாம். கோழியே தொடாதவர் இதில் தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டு 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்று வலி வந்தால் மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். திடமானவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். கைக்குழந்தை, வயதானவர், மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல் என்றால் மட்டும் காத்திருக்காமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மலத்தைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது அதில்தான் தெரியும்.