ஆற்காட்டு நவாபின் கடன்

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். ஆற்காட்டு நவாபு முகமது அலியும், தஞ்சை மராத்திய மன்னர்களும், ஐதர் அலியும், பாளையக்காரர்களும் ஒன்றுபட்டு நின்றிருந்தால் 1801-இல் ஆற்காட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருக்குமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நம்முடைய ஒற்றுமையின்மையே காரணம் என்று சொல்லிவருகிறேன். முகமது அலியைத் துரோகி என்பது சரியா? மராத்தியரையும் அந்நியர் கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

மாணவர்களின் கேள்வியை அதட்டி அடக்காமல் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். சில வாரங்களாக ஆற்காட்டுக் கடன் விவகாரத்தையே நான் வாசித்துக்கொண்டிருப்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

மராத்தியர் அந்நியரா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகள் தஞ்சையில் அரசாண்டு, சரசுவதி மகாலை வளர்த்து, அந்த மண்ணிலேயே மடிந்தவர்களிடம் இன்று ஊர் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால், 'ஒற்றுமையின்மை' என்ற விடையை நீங்களும் சொல்லிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை என்பதால்தான் அது தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. 1781-இல் ஐதரின் படை தஞ்சையைச் சூறையாடியதை மக்கள் 'ஐதர் கலாபம்' என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவைத்தார்கள். அந்த மக்களிடம் போய், நீங்களும் ஐதரும் ஓரணி என்று யார் சொல்லியிருக்க முடியும்?

கடனைப் பாருங்கள். முகமது அலியைப் பதவியில் அமர்த்தவும் காக்கவும் கம்பெனி நடத்திய போர்களின் செலவு அவர் தலையிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்ட அவரிடம் பணமில்லாதபோது, கம்பெனியின் ஊழியர்களே தங்கள் சொந்தப் பெயரில் அவருக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாகச் சீமை சீமையாக நிலவரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பகலில் கம்பெனிக்காகப் பாக்கி கேட்டவரும் இரவில் அந்தப் பாக்கிக்குக் கடன் கொடுத்தவரும் பல நேரங்களில் ஒரே ஆள்தான்.

அந்தக் கடனுக்கு வழி தேடித்தான் 1773-இல் நவாபு கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்தார். 1776-இல் இலண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி சென்னை ஆளுநர் பிகட் தஞ்சை மன்னர் துளஜாவுக்கு அரசைத் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனியின் சொற்பச் சம்பளக்காரர் முன்வந்து, தமக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன் வர வேண்டியிருக்கிறது என்றும், அதில் பெரும்பகுதிக்குத் தஞ்சையின் விளைச்சலே ஈடு என்றும் உரிமை கோரினார். மறுத்த பிகட்டை அவருடைய ஆட்சிக் குழுவின் பெரும்பான்மையினரே சிறைவைத்தார்கள்; அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்ட் 1780-இல் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரானார். ஓர் ஆளுநரையே வீழ்த்தும் வலிமை தஞ்சை வயலில் நின்ற நெல்லின் மீது எழுதிய ஒரு காகிதத்துக்கு இருந்தது. இதை உங்கள் பாடநூல் ஒரு வரியிலாவது சொல்கிறதா?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா கதிர் முற்றும் முன்பே நெல்லை ஈடுவைத்தவர். அறுவடை நாளில் கடன் கொடுத்தவரின் ஆட்கள் களத்துமேட்டிலேயே அளந்து வண்டியேற்றிப் போனதைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். விதைநெல்லையும் விடவில்லை. அடுத்த போகத்துக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. ஒரு நாடே அப்படி நிற்க வைக்கப்பட்டதைப் படிக்கும்போது என்னால் நிதானமாக இருக்க முடியவில்லை.

1785-இல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி ஆற்றிய உரையில், கம்பெனி மானியமாகப் பெற்ற செங்கல்பட்டு ஜாகீர் நிலப்பகுதியின் வரைபடத்தில் மட்டும் 1,100-க்கு மேற்பட்ட ஏரிகளை எண்ணியதாகச் சொல்கிறார். வரியெல்லாம் வட்டிக்குப் போனால் கரையை யார் மராமத்து செய்வது? 1805-க்குப் பிறகு அமர்த்தப்பட்ட விசாரணைக் குழு, கடன் கொடுத்ததாகச் சொன்னவர்களின் கோரிக்கைகளைச் சோதித்தபோது அவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட உண்மை என்று ஏற்க முடியவில்லை. அதற்குள் சீமை கைமாறிவிட்டது.

முகமது அலியைத் துரோகி என்பதும் என்னாததும் உங்கள் விருப்பம். அவருடைய மனத்தை அளப்பதால் இந்தக் கணக்கு மாறாது. உங்களிடம் நான் கேட்பது வேறு. கட்டபொம்மன் பாடம் வரும்போது 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் நடந்த தூக்கோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். பாஞ்சாலங்குறிச்சியிடம் கப்பம் கேட்கும் அதிகாரம் கலெக்டர் ஜாக்சனுக்கு எங்கிருந்து வந்தது? பாளையங்களின் கப்பத்தை நவாபின் பெயரால் கம்பெனியே வசூலிக்கலாம் என்ற 1792 உடன்படிக்கையிலிருந்து வந்தது. அந்த உடன்படிக்கை எதற்காக? நவாபு கட்ட வேண்டிய பாக்கிக்காக. இவ்வளவையும் சொன்ன பிறகு ஒற்றுமையைப் பற்றிப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.