மலை ஏறும் சைக்கிளுக்கு எந்த ஃப்ரேம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 41, எடை 68 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணாரியிலிருந்து திம்பம் வரை அலுமினிய ரோடு பைக்கில் ஏறி வருகிறேன். அடுத்து மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற வேண்டும் என்று ஆசை. கார்பன் ஃப்ரேமுக்கு மாறலாம் என்று கோவையில் இரண்டு சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் ஃப்ரேம் 780 கிராம். பந்தய வடிவம், ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே அழுத்திப் பிடிப்பது), கார்பன் ரிம், முன்னால் 52/36 பல், பின்னால் 11–30 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு). பழைய இருப்பு என்பதால் விலையைக் குறைத்துத் தருகிறார்கள். மற்றதன் ஃப்ரேம் 1,050 கிராம். நெடுந்தூர ஓட்டத்துக்கான வடிவம், டிஸ்க் பிரேக் (சக்கர மையத்தில் உள்ள தட்டைப் பிடிப்பது), 50/34, 11–34. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைதான். மலைக்கு இலேசானதுதானே நல்லது?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் எடை 68 கிலோ; சைக்கிள் எட்டரை; தண்ணீர் பாட்டில், உடை, ஷூ, ஹெல்மெட், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்ந்து மூன்றரை. ஆக 80 கிலோவை மேலே கொண்டு போகிறீர்கள். அதில் 270 கிராம் என்பது 0.34 சதவீதம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர்; உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர் கூடுகிறது. ஏறி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இலேசான ஃப்ரேம் மிச்சப்படுத்தித் தருவது அரை நிமிடம். ரிம் பிரேக்கால் குறையும் எடையையும் சேர்த்து, முழுச் சைக்கிளில் ஒரு கிலோ வித்தியாசம் என்றே கொண்டாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. 750 மில்லி பாட்டில் ஒன்றைக் காலியாகக் கொண்டுபோய் வழியில் நிரப்பிக்கொண்டால், அந்த ஒரு கிலோவில் முக்கால்வாசி காசு செலவில்லாமல் கழிந்துவிடும்.

எடைக்குப் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பந்தயத்தில் அரை நிமிடம் பெரிய விஷயம். ஆனால் அங்கேயே கூட, சர்வதேச சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் சாலைப் பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. மேலும், கம்பெனிகள் விளம்பரப்படுத்தும் ஃப்ரேம் எடை பெரும்பாலும் ஏதோ ஓர் நடுத்தர அளவுக்கு, சில வேளைகளில் பெயின்ட் அடிப்பதற்கும் போல்ட் மாட்டுவதற்கும் முன்னால் எடுத்தது. கடையில் தராசு இருந்தால் உங்கள் அளவு சைக்கிளையே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் உங்களை வாட்டப்போவது கியர். முதல் சைக்கிளில் மிகச் சிறிய கியர் 36க்கு 30, அதாவது பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் 1.2 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குப் பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டு சதவீதச் சரிவில் அந்த வேகத்தில் போக, உங்கள் எடைக்குச் சுமார் 200 வாட் தேவைப்படும். இரண்டாவதில் 34க்கு 34. சக்கரமும் பெடலும் ஒன்றுக்கு ஒன்று. அதே 70 சுற்றில் மணிக்கு எட்டே முக்கால் கிலோமீட்டர், சுமார் 170 வாட். வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் ஓட்டுகிற ஒருவர் 200 வாட்டை நீண்ட நேரம் தாங்குவது எளிதன்று. தாங்க முடியாமல் மிதியின் வேகம் குறையும்போது பாரம் முழங்காலில் இறங்கும். கேசட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பீர்கள். மாற்றலாம், ஆனால் பின் டீரெய்லர் (சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்பதைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

இனி இறக்கம். மலைக்கு ஃப்ரேம் தேடும் பலர் ஏறுவதை மட்டும் நினைத்துத் தேர்வு செய்கிறார்கள். ஏறியவர் இறங்கித்தானே ஆக வேண்டும்? எட்டு சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பிடித்துக்கொண்டே வந்தால், காற்றும் டயரும் தின்றது போக 350 வாட்டுக்கு மேல் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ரிம் பிரேக்கில் அந்தச் சூட்டின் பெரும்பகுதி ரிம்மில் ஏறும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் பரப்பி வெளியே விட்டுவிடும். கார்பன் அப்படி விடாது. சூடு ஒரே இடத்தில் தேங்கினால் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் இளகும், ரிம்மின் ஓரம் வெளியே பிதுங்கும், ட்யூப் வெடிக்கும். சமவெளியில் அருமையாக ஓடும் கார்பன் ரிம், ரிம் பிரேக்கோடு சேர்ந்து நீண்ட மலை இறக்கத்தில் ஆபத்தாக மாறுவது இப்படித்தான். நனைந்த கார்பன் ரிம்மில் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். கோத்தகிரிப் பாதையில் மூடுபனியும் சாரலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரிகள் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துத் திரும்புவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். 160 மில்லிமீட்டர் டிஸ்க் இதற்குப் போதும். அதிலும் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, நேரான இடத்தில் விட்டு, ஆறவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவது சைக்கிளை முடிவு செய்யும் முன் நான்கு விஷயங்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 32 மில்லிமீட்டர் டயர் ஃப்ரேமிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் தாராளமாக நுழையுமா? மழைக்குப் பிந்தைய நம் மலைச் சாலைகளில் 25க்கும் 32க்கும் உள்ள வேறுபாட்டை இடுப்பு உணரும். பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுழலும் பகுதி) மரை போட்டு முடுக்குவதா, அழுத்திப் பொருத்துவதா? அழுத்திப் பொருத்துவதில் துளையின் அளவு மயிரிழை பிசகினாலும், தூசியும் தண்ணீரும் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். மரை உள்ளதே என் விருப்பம். கேபிள்களும் பிரேக் குழாய்களும் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் பகுதி) வழியாக உள்ளே போகின்றனவா? பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு பேரிங் மாற்றுவதற்குப் பிரேக் குழாயையே கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டி வரலாம். சீட் போஸ்ட் வழக்கமான 27.2 மில்லிமீட்டர் உருண்டையா, அந்தக் கம்பெனிக்கே உரிய தனி வடிவமா? தனி வடிவம் என்றால் ஐந்து ஆண்டு கழித்து உதிரிக்கு அலைய நேரும். கோவையின் லேத் பட்டறைகளில் பம்புக்கும் கிரைண்டருக்கும் எந்த உதிரியும் கடைந்து தருவார்கள்தான். கார்பன் சீட் போஸ்ட் அந்தக் கணக்கில் வராது.

"டி800 கார்பன்" என்று விற்பனையாளர் சொன்னால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். டி700, டி800 என்பவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700இன் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800க்கு 294. நூல் அறுபதாம் நம்பரா நாற்பதாம் நம்பரா என்பது மட்டும் தெரிந்தால் பனியனின் தரம் தெரிந்துவிடாது என்பது திருப்பூர்ப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இழையை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காக, எந்த இடத்தில் போட்டார்கள் என்பதுதான் ஃப்ரேமைத் தீர்மானிக்கிறது. விறைப்பு மிகுந்த இழை அடிபட்டால் எளிதில் நொறுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கார்பன் ஃப்ரேம் நம் ஊர் வெயிலில் கெட்டுப்போகுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெயிலில் ஓட்டுவதாலோ நிறுத்துவதாலோ கெடாது, மேல் பூச்சு இருக்கும்வரை கவலை வேண்டாம். காரின் பின்னால் மாட்டிக் கொண்டுபோகும்போது மட்டும் சைலன்சர் புகை ஃப்ரேமிலோ ரிம்மிலோ நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை ரெசின் தாங்காது.

கேள்வி: வால்பாறைச் சாலையில் ஒரு முறை விழுந்த நண்பரின் கார்பன் ஃப்ரேம், ஃபோர்க்கோடு பாதி விலைக்குக் கிடைக்கிறது. மேல் குழாயில் முடி போன்ற ஒரு கீறல் இருக்கிறது. பெயின்ட் கீறல்தான் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். விழும்போது ஹேண்டில்பார் சுழன்று மேல் குழாயில் அடிப்பது வழக்கம். நீங்கள் சொல்லும் கீறல் அந்த இடத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. அலுமினியம் நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் வெளியே ஒரு கோடு மட்டும் காட்டிவிட்டு உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் கீறலுக்கு இரண்டு அங்குலம் தள்ளியிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று ஒரே மாதிரி இருக்கும்; அடுக்கு பிரிந்த இடத்தில் சட்டென்று மழுங்கிவிடும். குழாய் தடித்திருக்கும் இணைப்புப் பகுதிகளில் ஓசை இயல்பாகவே மாறும் என்பதால், எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட வேண்டும். விரல் நகத்தால் கீறலின் குறுக்கே இழுத்துப் பாருங்கள்; நகம் தடுக்கினால் சந்தேகம் கூடும். அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்கினால் பேச்சே இல்லை. நாணயச் சோதனையில் ஓசை மழுங்கினால் பழுது நிச்சயம் என்று கொள்ளலாம். மழுங்காவிட்டால் நல்ல ஃப்ரேம் என்று அதற்குப் பொருளில்லை.

ஃபோர்க்கைக் கழற்றாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஃப்ரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபுக்குள் மறைந்திருக்கும், ஃபோர்க்கின் மேல்பகுதியான ஸ்டீரர் குழாய் முன்னறிவிப்பு இல்லாமல் முறியக்கூடியது. ஆழியாறு பக்கம் இறங்கும்போது அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மேல் குழாய் போன்ற இடங்களைத் தெரிந்தவர்கள் பழைய இழையைச் சீவி, புதிய இழை சுற்றி, முறையாகச் சரிசெய்துவிடுகிறார்கள். ஸ்டீரரையும் ஃபோர்க்கையும் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. பழுது பார்க்கும் செலவையும் புதிய ஃபோர்க்கின் விலையையும் கூட்டிப் பார்த்து, அப்போதும் பாதி விலை லாபமாகத் தோன்றினால் நண்பரிடம் மறுபடி பேசுங்கள்.

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. மருதமலைக்கும் குன்னூருக்கும் ஏற கார்பன் சைக்கிள் வாங்க விரும்புகிறேன். கடையில் இருப்பதிலேயே சிறிய அளவைக் கொடுத்து, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சரியல்ல, அம்மா. சீட்டின் நிலை முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள கணக்கு. ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளினால், ஏற்றத்தில் பாரம் கையிலும் முழங்காலிலும் விழும்.

சிறிது, நடுத்தரம் என்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். 54 செ.மீ. அளவில் பந்தய ஃப்ரேமின் ஸ்டாக் 545 மில்லிமீட்டரை ஒட்டியும், நெடுந்தூர ஃப்ரேமின் ஸ்டாக் 575ஐ ஒட்டியும் இருப்பது வழக்கம். உங்கள் அளவில் எண்கள் இதைவிடச் சிறியவை என்றாலும் வேறுபாடு இதே போக்கில்தான் இருக்கும். இப்போது ஓட்டுகிற சைக்கிள் உடம்புக்கு இதமாக இருந்தால், அதன் எண்களை முதலில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மிகச் சிறிய ஃப்ரேம்களில் இன்னொரு தொல்லை உண்டு. முழு அளவுச் சக்கரத்தைக் குட்டையான ஃப்ரேமில் அடக்கும்போது, பெடல் முன்னால் இருக்கையில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். வேகத்தில் இது தெரியாது, ஏனென்றால் வேகத்தில் ஹேண்டில்பாரை அவ்வளவு திருப்புவதில்லை. குன்னூர்ச் சாலையின் வளைவில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் திணறி ஏறும்போதுதான் இடிக்கும். பெடலோடு ஷூ பூட்டியிருந்தால் அப்படியே சாய வேண்டியதுதான். ஆகவே நீங்கள் போடும் ஷூவோடு கடைக்குப் போய், பெடலைக் கிடைமட்டமாக வைத்து, ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இடித்தால் 165 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) போட்டுத் தரச் சொல்லுங்கள். முழங்காலுக்கும் அது நல்லது. ஹேண்டில்பார் அகலம் 38 சென்டிமீட்டர் கேளுங்கள், பிரேக் லீவரை உங்கள் விரல் எட்டும்படி உள்ளே தள்ளி வைக்கும் திருகு பெரும்பாலும் லீவரிலேயே இருக்கும். இதையெல்லாம் செய்து தர மறுத்து, ஃப்ரேமின் கிராம் கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்லும் கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.