சிங்கப்பூரில் சொந்த வீடு வாங்கிய பிறகு அக்கம்பக்கத்தில் ஈடுபாடு கூடுமா?

எனக்குக் கூடியது. ஆரம்பித்து வைத்தது பாத்ரூம் சீலிங்கில் தெரிந்த ஒரு மஞ்சள் கறை.

ஈசூனில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, நிரந்தரவாசம் கிடைத்த பிறகு அதே பேட்டையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கினோம். வாடகை வீட்டில் எது ஒழுகினாலும் வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுவேன், அதன்பின் அவர் பாடு. மேல்மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

சொந்த வீட்டில் அந்த வசதி இல்லை. வீவக வீட்டில் மேல்தளத்திலிருந்து நீர் கசிந்தால் மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவருக்கும் பொறுப்பு உண்டு. கழகத்தின் உதவித் திட்டத்தில் பழுதுபார்த்தால் கழகம் 50%, மேல்வீடு 25%, கீழ்வீடு 25% என்று செலவைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் தங்கள் பாத்ரூம் தரையை உடைக்க மேல்வீட்டார் சம்மதிக்க வேண்டுமே! மேலே இருந்தது ஒரு மலாய் மக்சிக், அதாவது ஒரு மலாய் அத்தை. முதல் தடவை இரும்புக் கேட்டைத் திறக்காமலே, "எங்க வீட்டுல ஒண்ணும் ஒழுகலையே" என்றார். உண்மைதான், ஒழுகியது என் வீட்டில். மூன்றாவது தடவை அவரைக் கீழே கூட்டிவந்து, சொட்டுக்கு வைத்திருந்த வாளியைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரமே ஆள் வந்தது.

அதற்குப் பிறகுதான் லிஃப்டில் பேச்சு, கீழ்த்தளத்துக் கல்யாண விருந்துக்கு அழைப்பு, வசிப்போர் குழுவில் நாற்காலி அடுக்கும் வேலை எல்லாம்.

அரசாங்கம் இதை முன்பே யோசித்திருக்கிறது. 1964-இல் மக்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது, 1968 முதல் அதற்கு மத்திய சேம நிதியை, அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பை, எடுக்க விட்டார்கள். சொந்தமென்று ஒன்று இருந்தால்தான் ஜனங்கள் நாட்டைக் காக்க நிற்பார்கள் என்பது அன்றைய பிரதமர் லீ குவான் இயூவின் கணக்கு. 99 வருடக் குத்தகைக்குக் கிடைக்கும் வீவக வீட்டைச் சொந்தம் என்று சொல்லலாமா என்பது தனிச் சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை.

ஆனால் பத்திரம் கையில் இருந்தால் போதும் என்று நான் நம்பவில்லை. எங்கள் மாடியிலேயே சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர், விற்பதற்கு முன் குறைந்தபட்சம் குடியிருக்க வேண்டிய 5 வருடத்தை நாள்காட்டியில் அடித்துக்கொண்டே வருகிறார். முடிந்ததும் விற்றுவிட்டு காண்டோவுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடிக்கு, போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டில் அறை வாடகைக்கு இருக்கும் தஞ்சாவூர்த் தம்பியோ சமூக மன்றத்துப் பொங்கலுக்கு விடியற்காலையிலேயே போய்க் கரும்பு கட்டுகிறான். இன்னொரு பக்கம், மேம்பாட்டுத் திட்டத்துக்கு எங்கள் புளோக்கில் வாக்கெடுப்பு வந்தது. குடிமக்கள் வீடுகளில் 75% ஆதரித்தால்தான் வேலை நடக்கும். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்பதால் எங்களுக்கு ஓட்டு இல்லை. வீடு எங்களுடையதுதான், ஆனாலும் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்க மட்டும் போனோம்.

போன மாதம் லிஃப்டில் மக்சிக் கேட்டார், "5 வருஷம் எப்ப முடியுது? வித்துருவியா?" இல்லை என்றேன்.

"நல்லது. மறுபடி ஒழுகினா புது ஆளோட முதல்லேர்ந்து சண்டை போடணும்."