சிங்கப்பூரில் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்து வயது மகனுடன் நானும் கூடவே கிளம்பலாமா?
– வாசகி, திருச்சி

அவர் முதலில் போகட்டும். காகிதங்கள் தயாராகி, வீடு அமைந்த பிறகு நீங்கள் மூவரும் போவதுதான் நல்லது.

மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டிபென்டன்ட்ஸ் பாஸ் (குடும்பத்தாருக்கான தங்கும் அனுமதி) வாங்க, கணவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். (அங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) விண்ணப்பத்தை அவருடைய நிறுவனம் போடும். உங்கள் பங்கு மூன்று சான்றுகள். முதலாவது, திருமணப் பதிவுச் சான்று. கோயில் ரசீதும் பத்திரிகையும் போதாது. பதியாதவர்கள் இன்றே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, பிறப்புச் சான்று. நம் ஊரில் குழந்தை பிறந்தவுடன் பெயரில்லாமலே பதிந்துவிடுகிறோம். பெயர் சேர்க்காத சான்று இங்கே உதவாது. பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கேள்வி வரும்.

மூன்றாவதுதான் பலர் கடைசி நேரத்தில் தவிக்கும் இடம்: தடுப்பூசி. வெளிநாட்டில் பிறந்த, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட விவரத்தைச் சிங்கப்பூர் சுகாதாரத் துறை சரிபார்த்த பிறகே பாஸ் விண்ணப்பம் நகரும். சிங்கப்பூர் அட்டவணையில் தட்டம்மை முதல் ஊசி 12 மாதத்தில். நம் அரசு அட்டவணையில் 9 மாதத்தில். ஆகவே ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு தவணை போட்டிருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். குறைந்தால் ஊரிலேயே போட்டுவிடலாம்.

அரசுப் பள்ளியில் இடம் கிடைக்குமா?
– அதே வாசகி

உறுதி சொல்ல முடியாது. அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஏழு வயது நிறையும் ஆண்டில்தான் தொடக்கநிலை ஒன்று. 2020-இல் பிறந்த பிள்ளை (ஜனவரி 1 நீங்கலாக) 2027 ஜனவரியில் சேரும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில், மிஞ்சிய இடம் மட்டுமே. விருப்பம் தெரிவிப்பது முந்தைய ஆண்டின் நடுவில். அந்த நாட்களைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மகளுக்கு ஏஇஐஎஸ் (வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத்) தேர்வு: ஆங்கிலமும் கணிதமும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும் உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேர இதை எழுத வேண்டும். வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும். தேறினால் அடுத்த ஜனவரியில் சேர்க்கை. எந்தப் பள்ளி என்பது காலியிடத்தைப் பொறுத்தது. அதனால் பள்ளி உறுதியாகும் முன் நீண்ட கால வாடகை ஒப்பந்தம் வேண்டாம். இடைப்பட்ட காலத்துக்கு சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளிகள் உண்டு, கட்டணம் கனமானது.

தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் இருக்கிறது.

வாடகை வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? ஏமாறாமல் இருப்பது எப்படி?
– வாசகர், மதுரை

இரண்டு ஆண்டு ஒப்பந்தம், மாதம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை, 6,000. முதல் மாத வாடகை 3,000. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம்: 72,000-க்கு 288 வெள்ளி. இதை வாடகைக்கு வருபவர்தான், கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். ஆக 9,288 வெள்ளி, சம்பளம் வரும் முன்பே.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும். முழு வீட்டை வெளிநாட்டவருக்கு விடுவதில் வட்டாரத்துக்கு 8, புளோக்குக்கு 11 சதவீதம் என்று வரம்பு உண்டு (மலேசியர்களுக்கு இல்லை). வரம்பு நிரம்பிய புளோக்கில் உரிமையாளர் சம்மதித்தாலும் உங்களுக்கு வீடு இல்லை. பணம் தரும் முன் வீவக அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

முகவரின் பதிவெண்ணை சிஇஏ (வீட்டு முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையால் வாங்கவே கூடாது என்பது விதி, கேட்டால் விலகுங்கள். வீட்டைக் காட்டாமலே ‘புக்கிங்’ பணம் கேட்பவரிடமும் அப்படியே.

ஒப்பந்தத்தில் ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ என்ற விதியைக் கட்டாயம் கேளுங்கள். வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால், வழக்கமாக 12 மாதம் கழித்து இரண்டு மாத அறிவிப்பில் வெளியேறலாம். இது இல்லாவிட்டால் மீதி மாத வாடகையும் உங்கள் தலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் பெரும்பாலும் உங்கள் செலவு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், முன்பணத்தில் கழிப்பது அங்கேதான். சாவி வாங்கிய அன்றே சுவர்க் கீறல், கறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

டிபென்டன்ட்ஸ் பாஸில் நான் வேலைக்குப் போகலாமா? மிக்ஸி எடுத்துப் போகலாமா?
– வாசகி, கோவை

2021 மே முதல், வேலைக்குச் சேர உங்கள் பெயரிலேயே தனி வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்துவோருக்கு மட்டும் வேறு விதி.

மிக்ஸி தாராளமாக வேலை செய்யும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மூன்று செவ்வக முனை, மாற்ற வேண்டும். மிக்ஸியைவிட மருந்துப் பையைக் கவனியுங்கள்: கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டியிருக்கலாம். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் மூலப்பெயரைக் கொண்டு பாருங்கள். மருத்துவர் சீட்டையும் பையிலேயே வையுங்கள்.