கத்தரிக்கோல் யார் கையில்?

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொழும்பில், வெள்ளவத்தைப் பகுதியிலுள்ள ஒரு திருச்சபையின் மாதர் ஐக்கியத்தைச் சேர்ந்தவள். இவ்வாண்டு எங்கள் ஐக்கியத்தில் குயில்ட் எனப்படும் ஒட்டுத்தையல் போர்வையொன்றை எல்லோரும் சேர்ந்து தைத்துவருகிறோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய துணியைக் கொண்டுவருவதென்றும், இடைத் துண்டுகளுக்குப் புறக்கோட்டையில் புதுத் துணி வாங்குவதென்றும் தீர்மானித்தோம். எங்களுள் ஓர் அம்மா, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் இறந்த தம் மகனின் சேட்டைக் கொண்டுவந்து, தாமே அதைச் சதுரமாக வெட்டித் தந்தார்.

வேலை முடியுந் தறுவாயில், போர்வை நமக்குக் கற்பிக்கும் விசுவாசப் பாடங்களை ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினோம். ஒரு சகோதரி, “துணியை வெட்டாமல் போர்வை உண்டாவதில்லை, தேவனும் நம்மை வெட்டித்தான் தம்முடைய அழகான திட்டத்தில் பொருத்துகிறார்” என்றார். அந்த அம்மா எழுந்து வெளியே போனார். அதன் பின்னர் கூட்டத்துக்கு வரவில்லை. இன்னொரு சகோதரி, பூரணம் தேவனுக்கே உரியது என்பதால் முற்காலத்துப் பெண்கள் போர்வையில் ஓரிடத்தை வேண்டுமென்றே பிழையாகத் தைப்பார்கள் என்றும், நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் கூறினார். அடுத்த முறை பேசவேண்டியவள் நான். இவை வேதத்துக்கு இசைந்த பாடங்கள்தானா? தையலிலிருந்து விசுவாசப் பாடம் எடுப்பதே பொருத்தமற்றதா? போர்வையைச் சபையின் விற்பனை நாளில் ஏலம் விடப்போகிறார்கள். அதுவும் என் மனதுக்கு ஒப்பவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முந்திய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை எளிது. தையலிலிருந்து பாடம் எடுப்பதில் தவறேதுமில்லை. யாத்திராகமத்தின் 26ஆம் அதிகாரம், ஆசரிப்புக் கூடாரத்தின் 10 திரைகளை ஐந்தைந்தாக இணைத்து, ஓரங்களில் ஐம்பதைம்பது காதுகளை வைத்து, 50 பொன் கொக்கிகளால் அவற்றை ஒரே வாசஸ்தலமாக்கும் முறையை, ஒரு தையற்காரர் தம் உதவியாளருக்குச் சொல்வதுபோல அளவோடு சொல்கிறது. 35ஆம் அதிகாரம் அதற்காக நூல் நூற்ற பெண்களை மறவாமல் குறிப்பிடுகிறது. ஆகவே ஊசியும் நூலும் வேதத்துக்கு அந்நியமானவையல்ல. ஆனால் இத்தகைய பாடங்களைச் சொல்கிறவர் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும்: உவமையில் யாருக்கு எந்த இடத்தைக் கொடுக்கிறோம் என்பதே அது. தைக்கிறவர் தேவன், துண்டு நீ என்று சொல்லும்போது, சொல்கிறவர் தம்மை அறியாமலே தேவனுடைய தோளருகில் நின்றுகொண்டு, துண்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

துணியை வெட்டாமல் போர்வை இல்லை என்பது தொழில் வழியில் பாதி மட்டுமே உண்மை. கடையில் வாங்கிய முழுத் துணியை, வரைந்த மாதிரிக்கேற்ப முக்கோணமும் சதுரமுமாக வெட்டித் தைப்பது ஒரு மரபு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சுழல் கத்தியை அறிமுகப்படுத்திய பிறகு அந்த மரபு பொழுதுபோக்காகப் பெருகியது. மற்றது, வறுமையிலிருந்து வந்த மரபு. அங்கே துணி ஏற்கெனவே வயலிலும் அடுப்படியிலும் கிழிந்துவிட்டது. தைக்கிறவள் அதைக் கிழிக்கவில்லை, கிழிந்ததை வீசாமல் எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். கட்டுநாயக்காவிலிருந்தும் பிற ஊர்களின் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்தும் நிறுவைக்கு விலைப்பட்டு வரும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் நம் நாட்டுப் பெண்களும் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவர்களே. உங்கள் சகோதரி சொன்ன பாடம் முதல் மரபிலிருந்து பிறந்தது. அந்த அம்மா கொண்டுவந்த சேட்டோ இரண்டாம் மரபைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஒன்றின் பாடத்தை மற்றதன்மேல் வைத்ததனாலேயே அந்தச் சொல் அவ்வளவு கடுமையாக விழுந்தது என்று நினைக்கிறேன்.

தேவன் காயப்படுத்துகிறார் என்று வேதம் சொல்லவில்லையா என்று அந்தச் சகோதரி கேட்கக்கூடும். கேட்பதற்கு அவருக்கு உரிமையுண்டு. ஓசியா 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், நம்மைப் பீறினவர் அவரே, நம்மைக் குணமாக்குகிறவரும் அவரே என்ற அறிக்கை இருக்கிறது. அது தங்கள் பாவத்தை உணரவேண்டிய ஒரு ஜனம் தங்களைக் குறித்துத் தாங்களே, ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் வார்த்தை. ஏறத்தாழ அதே கருத்தை யோபு புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தில் யோபுவின் சிநேகிதன் எலிப்பாசும் சொல்கிறான்: அவர் காயப்படுத்திக் காயங்கட்டுகிறார் என்கிறான். ஆனால் அவன் அதைத் தன்னைக் குறித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளை ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்து, எதிரே அமர்ந்துகொண்டு சொல்கிறான். அந்தப் புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் எலிப்பாசின்மேலும் அவனுடைய இரு சிநேகிதர்மேலுமே மூளுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தாய் தன் இழப்பைக் குறித்து நீண்ட காலத்தின் பின், தன் சொந்த ஜெபத்தில், ஓசியாவின் வார்த்தையைச் சொல்லக்கூடும், சொல்லாமலும் இருக்கக்கூடும். அதை அவருக்காக மற்றவர் சொல்ல இடமில்லை. கொச்சிக்கடையில் நடந்தது மனிதர் திட்டமிட்டுச் செய்த கொலை என்பதையும் இங்கே மங்கலாக்கக் கூடாது. அதைத் தேவனுடைய அழகிய மாதிரியின் ஒரு வெட்டு என்று சொல்வது அவரைத் துதிப்பதாகாது.

யோபுவைப் பற்றிச் சொல்லும்போது ஹரியட் பவர்ஸ் என்ற பெண் நினைவுக்கு வருகிறார். 1837இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் வாழ்ந்து 1910இல் இறந்த அவர், வேதக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த இரண்டு போர்வைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டாவது, 1895க்கும் 1898க்கும் இடையில் தைக்கப்பட்டு, போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலுள்ள 15 கட்டங்களில் முதலாவது யோபுவுக்குரியது. அவருடைய விளக்கமாக எழுதிவைக்கப்பட்ட குறிப்பு, யோபு தன் சத்துருக்களுக்காக ஜெபிக்கிறான் என்கிறது. (வேதத்தில் அவன் ஜெபித்தது சிநேகிதருக்காக, பவர்சின் வாசிப்பும் பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை.) நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. யோனாவுக்கும் மோசேக்கும் பக்கத்தில், 1833 நவம்பர் 13ஆம் திகதி விண்மீன்கள் மழைபோல் விழுந்து ஜனங்கள் உலகமுடிவு என்று நடுங்கிய இரவையும், 1895ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், ஜெபித்துக்கொண்டிருந்த நிலையிலேயே ஒரு பெண் உறைந்து இறந்ததையும் அவர் தைத்திருக்கிறார். ஜெபித்தவள் ஏன் உறைந்தாள் என்பதற்கு அந்தக் குறிப்பு எந்தக் காரணமும் தருவதில்லை. அவளுக்கும் வேதத்தின் மாந்தரோடு ஒரே போர்வையில் ஒரு கட்டம் உண்டு. அவளுக்கு அவர் செய்தது அதுவே.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி: சேட்டை வெட்டியவர் அந்த அம்மாதான். கத்தரிக்கோலைத் தேவனுடைய கையில் வைத்துப் பேசியபோது, அதே மேசையில் அதைக் கையில் பிடித்தவரை எல்லோரும் மறந்துபோனார்கள். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், இறந்த கணவரின் வேலை உடுப்புகளையே எடுத்து 1942இல் போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்திருக்கவும், அன்போடு அதனுள் போர்த்திக்கொள்ளவும் வேண்டுமென்று தாய் சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உங்கள் ஐக்கியத்தின் அம்மா செய்ததும் இந்த வகையைச் சேர்ந்த செயல். அலுமாரியில் மடித்து வைத்திருந்ததை எடுத்து, தம் கையாலேயே வெட்டி, சபையின் நடுவில் வைத்தார். விசுவாசப் பாடம் தேடியவர்களுக்கு அது போதியதாக இருந்திருக்க வேண்டும்.

வேண்டுமென்றே பிழை விடும் கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய போர்வைகளை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் காணவில்லை. பிற்காலத்தார் பழைய பிழைகளைக் கண்டு கட்டிய கதை என்றே கருதுகிறார்கள். தைத்துப் பார்த்தவர்களுக்கோ ஆதாரமே தேவைப்படாது. தையலுக்கு விடும் கால் அங்குலத்தில், ஒவ்வொரு துண்டிலும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால், 16 துண்டுகள் கொண்ட வரிசை முடியும்போது ஏறக்குறைய 2 அங்குலம் குறைந்திருக்கும். பிழையை நாம் வரவழைக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் பிழை வைத்தால்தான் தாழ்மை என்றால், மற்ற இடமெல்லாம் பூரணம் என்று எண்ணிக்கொண்டோம் என்றல்லவா ஆகிறது?

நீங்கள் பேச வேண்டிய பகுதிக்கு மாற்கு 2ஆம் அதிகாரத்தின் 21ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. விதவைகளுக்கு வஸ்திரங்கள் தைத்துக்கொடுத்த தொற்காளின் கதையை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதை வேறொருவருக்கு விட்டுவிடலாம். பழைய வஸ்திரத்தில் கோடித் துண்டை இணைத்தால் அந்தப் புதுத்துண்டு பழையதைக் கிழிக்கும், பீறல் அதிகமாகும் என்று ஆண்டவர் சொன்னதன் நேர்ப்பொருள் உபவாசத்தைப் பற்றிய கேள்வியோடு சேர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் எடுத்த உதாரணம் தையலறையில் அப்படியே உண்மையாக இருக்கிறது. நனையாத பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும். பலமுறை தோய்த்த சேட்டுத் துணி சுருங்கி முடிந்தது. இரண்டையும் அருகருகே தைத்தால், சுருங்கும் புதுத் துணி பழையதன் மெலிந்த இழைகளைத் தன் பக்கம் இழுக்கும். குற்றம் பழைய துணியில் இல்லை. தைப்பதற்கு முன் புதுத் துணியைத் தண்ணீரில் ஊறவிட்டு, உலர்த்தி, ஸ்திரிக்கை போட வேண்டும் என்பது இதனால்தான். துக்கத்தில் தேய்ந்தவர் பக்கத்தில் இன்னும் நனையாத ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் வைப்பதைப் பற்றி, அந்தச் சகோதரியின் பெயரைக் குறிப்பிடாமல், இதிலிருந்து நீங்கள் பேசலாம். அவரும் கேடு நினைத்துச் சொன்னவரல்லர். நம்முடைய பிரசங்கங்களில் நூறுமுறை கேட்டதையே திருப்பிச் சொன்னார்.

ஆயினும் அந்தக் கூட்டத்துக்கு முன்பே, ஒருவராகவோ இருவராகவோ அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்வாருங்கள். வேத வசனமெதுவும் கொண்டுபோக வேண்டாம். ஏலத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. அவரைக் கேளாமல் நானோ உங்கள் ஐக்கியமோ தீர்மானிக்கக் கூடியதன்று அது. ஹரியட் பவர்ஸ் தம் முதற் போர்வையை 1886இல் ஒரு சந்தையில் காட்சிக்கு வைத்தபோது விற்க மறுத்தார். சில ஆண்டுகளின் பின் பணமுடையினால் 5 டாலருக்குக் கொடுத்தார். பிறகு வாங்கியவரின் வீட்டுக்குப் பலமுறை போய் அதைப் பார்த்துவந்தார். உங்கள் ஐக்கியத்தின் அம்மா விற்பதற்கு மனமுவந்து சம்மதித்தால் ஏலம் விடலாம். போர்வை சபையிலேயே இருக்கட்டும் என்றால், விற்பனை நாளுக்கு வேறொன்றைத் தைக்கலாம்.

சதுரத்தைத் திரும்பத் தரும்படி அவர் கேட்டால் தயங்க வேண்டாம். முழுப் போர்வையையும் பிரிக்கத் தேவையில்லை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று படைகளையும் சேர்த்து அந்தச் சதுரத்தின்மேல் ஓடும் நூலோட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, நாலு பக்கத் தையலையும் சிறிய கத்தியால் பிரித்தால் துண்டு சேதமின்றி வந்துவிடும். உள்ளேயிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் தொட வேண்டியதில்லை. அந்த இடத்தில், ஊறவைத்து உலர்த்திய வேறு துண்டொன்றை, ஓரத்தை உள்மடித்து வைத்துக் கையால் மறைதையல் போட்டு, மூன்று படைகளையும் சேர்த்து மறுபடி நூலோட்டிக்கொள்ளுங்கள்.